இடக்கைப் பக்கம்

பொகவந்தலாவை பஸ்ஸில் வந்திறங்கினார் சவரிமுத்து.
தோளெல்லாம் மழை. கைபேசியில் ஒரே ஒரு படம்.
கடன் விண்ணப்பத்தோடு கடையின் படமும் வேண்டுமாம்.
"கொஞ்சம் துப்பரவாக்கிக் குடுங்க தம்பி,
பேங்க் ஐயா பார்த்தா
குப்பைன்னு நெனச்சிருவாரு."

ஹட்டனில், எங்கள் ஸ்டூடியோவின் பின்னறையில்,
படத்தைப் பெரிதாக்கினேன்.
ஆக்க ஆக்கக் கடை பெரிதாகவில்லை,
சாமான்தான் கூடிக்கொண்டே போனது.

வாளிக்குள் வாளி, அதன் வளையத்தில் குடை,
குடைக்கம்பியில் ஷாம்பு பக்கெட் சரம்,
சரத்துக்குப் பின்னால் மாதாவின் பாதி முகம்,
கொழுந்துப் படங்கு, கருவாட்டுப் பெட்டி,
பெட்டிமேல் பள்ளிச் சப்பாத்து.
கண் போய் விழுந்த இடத்திலெல்லாம்
வேறொன்று ஏற்கனவே உட்கார்ந்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் வெள்ளைச் சட்டையில் சவரிமுத்து,
கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல.

அழிக்கத் தொடங்கினேன்.
முதலில் கவ்வாத்துக் கத்திகள். ஒன்பது.
ஏழாவதில் கை நின்றது:
பிடி எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.
தற்செயல் என்று விட்டேன்.
பிறகு கேத்தல்கள். மூக்கு சுவருக்கு, காது உள்ளே.
குடைகளின் வளைவு, அகப்பைகளின் காம்பு,
லாம்பெண்ணெய்ப் புனலின் வாய்கூட.

அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஒவ்வொரு பிடியிலிருந்தும்
சிவப்பில் ஒரு கோடு இழுத்தேன்.
முப்பது, முப்பத்தைந்து இருக்கும்.
அவை கூடிய இடம் சவரிமுத்து நின்ற இடம் அல்ல.
அவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி,
மா மூட்டைக்கும் தராசுக்கும் நடுவே ஒரு வெற்றிடம்.
அங்கே மட்டும் பலகை தேய்ந்து வெளுத்திருந்தது.

அங்கே நிற்கிறவருக்கு
சீனியும் பருப்பும் இடக்கைக்கு எட்டும்.
கத்தரிக்கோல் இடக்கைப் பக்கம்,
வாளி இறக்கும் கொக்கித் தடியும் அந்தப் பக்கமே.
அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் வாசல் ஓரத்தில்,
பிரட்டுக்கு ஓடுகிறவர்கள்
படியேறாமல் எடுத்துப்போக.
கடன் கொப்பிகள் ஆணிகளில்:
மேல்கணக்கு மேலே, நடுக்கணக்கு நடுவில்,
பணியகணக்கு பணிய.
மலை எப்படிக் கிடக்கிறதோ
கடனும் அப்படியே தொங்கியது.

அடிக்கடி எடுக்கிற எதுவும்
ஐந்தடிக்கு மேலே இல்லை.
சவரிமுத்து ஆறடி. முற்பண ரசீதில்
வலக்கையால்தான் கையெழுத்துப் போட்டார்.

நான் வெட்டிவிட இருந்த ஓரத்தில்,
தராசுக்கும் அப்பால், ஒரு முழங்கை.
இரண்டு கண்ணாடி வளையல்.
"சத்தே ஒதுங்கு" என்று யாரோ சொன்னதும்
முழுக்க ஒதுங்க நேரமில்லாத முழங்கை.

"கடையில யாருங்க நிப்பா?"
"நாந்தான்" என்றார்.
பிறகு தெருவில் மழையைப் பார்த்தார்.
"நான் லொறியோட போயிருவேன்.
மத்த நேரம் ஞானசுந்தரி நிக்கும்."
மத்த நேரம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
படத்தில் பெயர்ப்பலகை சொன்னது:
சவரிமுத்து அன் சன்ஸ்.

வெளிச்சம் மட்டும் கூட்டினேன்.
முழங்கையை விட்டுவைத்தேன்.
பிரதி கையில் வந்ததும்
"ஒண்ணையும் எடுக்கலியே" என்றார்.
"எடுக்க ஒண்ணும் இல்லீங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார். கோபமா என்று நினைத்தேன்.
விரல் ஒரு மூலையில் போய் நின்றது.
"அட, இந்த டோர்ச்ச
போன கிழம முழுக்கத் தேடினேன் தம்பி.
இங்கனயா இருந்துச்சு."

கடன் கிடைத்ததா, தெரியாது.
மிச்சக் காசுக்கு இன்னொரு பிரதி கேட்டார்,
சின்னதாக,
சட்டைப் பையில் வைக்கிற அளவுக்கு.